ஹார்ட் பேக்கேஜ் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களையும் ஸ்கேன் சென்டர்களையும் மருத்துவமனைகளையும் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவர்களுக்காக 'ஹார்ட் பேக்கேஜ்' என்ற பெயரில் பரிசோதனைத் தொகுப்புகளைத் தயாரித்துத் தரும் மார்க்கெட்டிங் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு லேப் டெக்னீஷியன். ஊசி குத்தி சாம்பிள் எடுப்பது, மெஷினில் ஏற்றுவது, ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பது, இதுதான் என் வேலை. ரிப்போர்ட்டை வாங்குகிறவர் கவுன்ட்டரில் நின்று கேட்கிற கேள்வி உங்கள் ஏ.சி. அறை வரைக்கும் வருவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வி அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, இதுல அடைப்பு எத்தனை பர்சன்ட்னு போட்டிருக்கா?"

போடவில்லை, போடவும் முடியாது. ஆனால் அவர் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. வாசலில் உங்களில் பலர் கட்டியிருக்கும் பேனரில் பெரிய சிவப்பு இதயம், அதன் கீழே ஒரே ரத்தப் பரிசோதனையில் இதயத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு வரி. இதயத்தின் நிலை என்று சொன்னால் நம் ஜனங்களுக்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான், குழாயில் அடைப்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு. அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் அந்த வரியை எழுதுகிறீர்கள்.

அடைப்பின் அளவைக் குழாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்ததில் தொடங்கிய வழி அது. இன்றைக்கு மணிக்கட்டு வழியாகப் போகிற ஆஞ்சியோவும் சி.டி. ஆஞ்சியோவும் அதையே செய்கின்றன. படத்தில் தெரிகிற அடைப்பு எந்தக் கிளையில் இருக்கிறது, எவ்வளவு நீளம், சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, வளைவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். ஜென்சினி ஸ்கோர் 1983-லிருந்தே இருக்கிறது. பிறகு வந்த சின்டாக்ஸ் ஸ்கோரில் 22 வரை என்றால் எளிதானது, 33-ஐத் தொட்டாலே சிக்கலானது, ஸ்டென்ட் போதுமா பைபாஸ் வேண்டுமா என்று இதய நிபுணரும் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய நிலை.

சரி, ரத்தத்தில் இருக்கிற ஏதாவது ஒன்று இந்த ஸ்கோரோடு சேர்ந்து ஏறுகிறதா? ஏறுகிறதுதான். நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளை அணுக்களின் விகிதம், யூரிக் ஆசிட், சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ., பிளேட்லெட்டின் சராசரி அளவு, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் என்று ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் பேக்கேஜ் பட்டியலில் இவற்றைச் சேர்க்கும்போது அந்தக் கட்டுரைகளைத்தான் காட்டுகிறீர்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாரை வைத்துச் செய்தவை என்று பாருங்கள். ஏற்கெனவே நெஞ்சுவலி வந்து, டாக்டர் சந்தேகப்பட்டு, ஆஞ்சியோ மேசை வரைக்கும் வந்துவிட்டவர்களை வைத்து. அதிலும்கூட, அடைப்பு அதிகம் இருந்த கூட்டத்தின் சராசரி கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பதுதான் முடிவு. கூட்டத்தின் சராசரி வேறு, கவுன்ட்டரில் நிற்கிற ஒருவருடைய எண் வேறு. லேசான அடைப்புக்காரரின் எண்ணும் மூன்று குழாயும் அடைத்தவரின் எண்ணும் ஒன்றாகவே இருக்கலாம், பல நேரம் அப்படித்தான் இருக்கிறது. போன வாரம் சளிக்காய்ச்சல் வந்தவருக்கும், மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கும் நியூட்ரோபில் விகிதம் ஏறும். பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை எடுக்கிறவருக்கு யூரிக் ஆசிட் ஏறும். அதை இதய அடைப்பின் அடையாளம் என்று தனித் தலைப்பில் அச்சடித்தால், மாலையில் அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து கூகுளில் தேடிப் பயப்படுவார்.

இந்த வேலையை உண்மையிலேயே ஒழுங்காகச் செய்து பார்த்த ஒரு நிறுவனம் இருந்தது. கலிஃபோர்னியாவின் கார்டியோடிஎக்ஸ். ரத்தத்தில் 23 மரபணுக்கள் எந்த அளவில் வேலை செய்கின்றன என்று அளந்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து, பெரிய அடைப்பு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு ஸ்கோர் கொடுத்தார்கள். பரிசோதனையின் பெயர் கோரஸ் சி.ஏ.டி. அவர்கள்கூட 'இத்தனை சதவீதம் அடைப்பு' என்று சொல்லவில்லை, 'உங்களுக்குப் பெரிய அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு' என்று சொல்லிச் சிலரை ஆஞ்சியோவிலிருந்து காப்பாற்றுவதுதான் அவர்களுடைய நோக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்லியே விற்றார்கள். அதுவே நிற்கவில்லை. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு அதற்குப் பணம் தருவதை நிறுத்தியது, 2019-ல் நிறுவனத்தையே மூடினார்கள். அத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும் அவர்களால் நிலைக்க முடியாத இடத்தில், ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. மெஷினில் இலவசமாக வருகிற ஒரு விகிதத்தை வைத்து நீங்கள் பேனர் கட்டுகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நோயாளிகளுக்கும் சேர்த்து. 'எத்தனை பர்சன்ட்' என்பதே பாதிக் கேள்விதான். மாரடைப்பில் பல, 80 சதவீதம் அடைத்த இடத்தில் வருவதில்லை. பாதிகூட அடைக்காத, மேலே மெல்லிய தோலும் உள்ளே கொழுப்புக் கூழுமாக இருக்கிற ஒரு படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, குழாயை மூடிவிடுகிறது. முந்தின வாரம் டிரெட்மில் பரிசோதனையில் பாஸ் ஆனவருக்கும் இது நடக்கும். 2020-ல் வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வில் 5,179 பேர் சேர்க்கப்பட்டார்கள், எல்லோருக்கும் நடுத்தரம் முதல் கடுமையான ரத்த ஓட்டக் குறைவு. (இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, அவர்கள் கதை வேறு.) பாதிப் பேரை முதலிலேயே ஆஞ்சியோவுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மீதிப் பேருக்கு முதலில் மருந்து. சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் வரவில்லை. நெஞ்சுவலி குறைந்தது, அது பெரிய விஷயம்தான், ஆனால் உயிர் காத்ததில் மருந்து பின்தங்கவில்லை. ஆக, ரத்தப் பரிசோதனை அடைப்பின் சதவீதத்தைச் சொல்லாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. படிவு வளரக் காரணமான சரக்கு ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று சொன்னால் போதும். அதை ரத்தம் நன்றாகவே சொல்லும், கேட்க வேண்டியதைக் கேட்டால்.

நீங்கள் கேட்பது வேறு. '72 டெஸ்ட்' என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்களே, அதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? சி.பி.சி. ஒரே டியூப், ஒரே மெஷின், அதில் வருகிற இருபதுக்கு மேற்பட்ட வரிகளும் தனித்தனி டெஸ்ட். கொழுப்பில் வி.எல்.டி.எல். என்பது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஐந்தால் வகுத்தது. கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல்.லும் பல லேபில் கணக்குப் போட்டு எடுப்பதுதான், 1972-லிருந்து இருக்கிற ஃப்ரீடுவால்ட் சூத்திரம். மொத்தக் கொழுப்புக்கும் நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் ஒரு டெஸ்ட், எல்.டி.எல்.-எச்.டி.எல். விகிதம் இன்னொரு டெஸ்ட். கால்குலேட்டர் செய்கிற வேலையை டெஸ்ட் என்று எண்ணி விற்பது வியாபாரத் தந்திரம் என்றுகூட விட்டுவிடலாம். ஆனால் அந்த எண்ணிக்கையைப் பெருக்குவதற்காகச் சேர்க்கிற மற்ற டெஸ்ட்களை விட முடியவில்லை.

ரத்தத்தில் இருக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கூடியவர்களுக்கு இதயநோய் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஃபோலிக் ஆசிட், பி6, பி12 கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த நார்விட், ஹோப்-2 ஆகிய இரண்டு ஆய்வுகளும் 2006-ல் வெளிவந்தன. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. நம் ஊரில் சைவம் சாப்பிடுகிற பலருக்கு பி12 குறைவால் அது கூடுதலாகத்தான் இருக்கும். அவர்களுக்கு பி12 தேவை, அதில் சந்தேகமில்லை. அதற்கு இதயத்தைக் காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை. எல்.பி.-பி.எல்.ஏ.2 என்ற நொதியின் கதையும் இதேதான். அதைத் தடுக்கும் டாராபிளாடிப் மருந்து 2014-ல் பெரிய ஆய்வுகளில் தோற்றது, டெஸ்ட் மட்டும் இன்னும் சில 'அட்வான்ஸ்டு' பட்டியல்களில் உட்கார்ந்திருக்கிறது.

அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமான சி.ஆர்.பி. விஷயத்தில் நான் உங்களோடு முழுச் சண்டைக்கு வரவில்லை. சிறு அளவையும் அளந்து சொல்லும் உயர்நுண் சி.ஆர்.பி.க்கு மதிப்பு உண்டு. எல்.டி.எல். 130-க்குக் கீழே இருந்தும் சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த 17,802 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோ வெற்று மாத்திரையோ கொடுத்த ஜூபிடர் ஆய்வு 2008-ல் வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் எல்லாமே கணிசமாகக் குறைந்தன. 2017-ல் கான்டோஸ் ஆய்வு, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தாலும் மாரடைப்பு குறையும் என்று காட்டியது. ஆனால் சி.ஆர்.பி. தானே குழாயை அடைப்பதில்லை, மரபணு ஆய்வுகள் அதைத் தெளிவாக்கிவிட்டன. அது எங்கோ எரிகிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. பல்லில் சீழ் இருந்தாலும் ஏறும். அதனால்தான் 10-க்கு மேல் வந்தால் அதை இதயக் கணக்கில் எடுக்காமல் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். டெங்கு, சிக்குன்குனியா சுற்றுகிற மாதங்களில் ஹார்ட் பேக்கேஜுக்குத் தள்ளுபடி போட்டு முகாம் நடத்துகிறீர்கள், வருகிறவரிடம் 'சமீபத்தில் காய்ச்சல் வந்ததா' என்று கேட்க ஒரு கட்டம்கூட உங்கள் படிவத்தில் இல்லை. சி.ஆர்.பி. 18 என்று சிவப்பில் அச்சாகிறது. அப்புறம் அவர் எங்கே ஓடுவார்?

இனி நீங்கள் சேர்க்க வேண்டியதற்கு வருகிறேன். இரண்டுதான். ஒன்று அப்போ-பி, இன்னொன்று லிப்போபுரோட்டீன்-ஏ.

குழாயின் சுவருக்குள் நுழைகிற எல்.டி.எல்., வி.எல்.டி.எல். போன்ற துகள் ஒவ்வொன்றிலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எல்.டி.எல். கொழுப்பு என்று நாம் அளப்பது ஏற்றியிருக்கிற மணலின் எடை, அப்போ-பி லாரிகளின் எண்ணிக்கை. சுகர் உள்ளவர்களுக்கும் தொப்பையும் டிரைகிளிசரைடும் கூடியவர்களுக்கும் லாரி சிறியதாகி எண்ணிக்கை கூடிவிடும், அதனால் எல்.டி.எல். பார்வைக்கு நல்லபடியாக இருக்கும், ஆபத்து குறைந்திருக்காது. நம் கவுன்ட்டரில் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வகைதானே? டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தப் பழைய சூத்திரமும் வேலை செய்யாது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் மாரடைப்புக் காரணங்களில் முதலிடத்தில் நின்றது அப்போ-பிக்கும் எச்.டி.எல்.லில் இருக்கும் அப்போ-ஏ1 புரதத்துக்கும் உள்ள விகிதம்தான், புகை அடுத்தது. அதே ஆய்வு தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் சொன்னது. அப்போ-பி போட முடியாத சின்ன லேபா? மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு பைசா செலவில்லை, எல்.டி.எல்.லைவிடப் பல நேரம் அது பயன்படும்.

லிப்போபுரோட்டீன்-ஏ என்பது எல்.டி.எல். போன்ற ஒரு துகள், 1963-ல் நார்வேயில் கோரே பெர்க் கண்டுபிடித்தது. அப்பா அம்மாவிடமிருந்து வருவது. சாப்பாடு, நடை, யோகா எதற்கும் பெரிதாக அசையாது, ஸ்டாட்டினும் அதைக் குறைக்காது. அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய என்று கேட்கலாம். அது கூடுதலாக இருப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும், அதாவது எல்.டி.எல்., பிரஷர், சுகர், புகை எல்லாவற்றையும், இன்னும் கறாராகப் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். புகை இல்லை, சுகர் இல்லை, ஒல்லியான உடம்பு, 38 வயதில் மாரடைப்பு என்று வருகிறவர்களில் சிலருக்கு விடை இதில்தான் கிடைக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும், 50 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தியர்களில் நாலில் ஒருவருக்கு இது கூடுதல் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு முறை என்றுதான் சொன்னார்கள். உங்களுக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும், வருஷா வருஷம் விற்க முடியாத டெஸ்ட்டில் என்ன லாபம்? தயவுசெய்து இதையும் வருடாந்திரப் பேக்கேஜில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அளவை மில்லிகிராமில் கொடுத்தீர்களா நானோமோலில் கொடுத்தீர்களா என்பதையும் தெளிவாகப் போடுங்கள், ஒன்றை இன்னொன்றாக மாற்ற நேரான கணக்கு கிடையாது.

இதையெல்லாம்விட எனக்கு வயிறு எரிகிற விஷயம் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இருக்கிறது. 'நார்மல் ரேஞ்ச்' பத்தி. எல்.டி.எல். 130 வரை நார்மல் என்று எல்லோருக்கும் ஒரே வரி. 25 வயசுப் பையனுக்கும் அதே, இரண்டு ஸ்டென்ட் வைத்த 60 வயசுக்காரருக்கும் அதே. ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்.டி.எல். 95 வருகிறது. ஸ்டார் இல்லை, சிவப்பு இல்லை. அவர் என்ன நினைப்பார்? கொழுப்பு நார்மலுக்கு வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை, கை கால் வேறு வலிக்கிறது. ஸ்டாட்டினை நிறுத்திவிடுவார், டாக்டரிடம் கேட்கக்கூட மாட்டார், ஏனென்றால் ரிப்போர்ட்டே சொல்லிவிட்டதே. அதே இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் அவரைப் போன்றவர்களுக்கு 55-க்குக் கீழே வேண்டும் என்கிறது, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70, சாதாரணமானவர்களுக்கே 100. நீங்கள் அச்சடித்த 130 எந்தக் காலத்து எண்? இப்படி நிறுத்திவிட்டு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிப் பார்ப்பேன், "டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க ஐயா" என்று. அவர் என்னையும் பார்ப்பார், பேப்பரையும் பார்ப்பார். பேப்பர்தான் ஜெயிக்கும்.

இடையில் ஒன்று, சின்ன விஷயம்தான். கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிறு பொதுவாகக் கட்டாயமில்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் பேக்கேஜில் சுகரும் சேர்ந்திருப்பதால்தான் வெறும் வயிறு. கொழுப்பு மட்டும் பார்க்க வந்த வயசான அம்மாவைக் காலை பத்து மணி வரை காபி இல்லாமல் உட்கார வைக்காதீர்கள்.

கடைசியாக ட்ரோபோனின். இதைப் பேக்கேஜில் சேர்த்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், எடுத்துவிடுங்கள். ட்ரோபோனின் இதயத் தசை அடிபட்டதைச் சொல்வது, குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை அல்ல. சிறுநீரகம் கெட்டவருக்கும் ஏறும், இதயத் தசையில் கிருமி அழற்சி வந்தாலும் ஏறும். மாரடைப்பு தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது நார்மலாகவும் இருக்கலாம், அதனால்தான் அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி.யோடு சேர்த்து, சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுக்கிறார்கள். நெஞ்சை அழுத்துகிறது, இடது கை கனக்கிறது, வியர்க்கிறது என்று சொல்லிக்கொண்டே 'எதுக்கும் ஹார்ட் பேக்கேஜ் ஒண்ணு எடுத்துப் பாத்திரலாம்' என்று ஸ்கூட்டரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பில் போடுகிற பெண்ணுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்? பணத்தை வாங்காமல் 108-ஐக் கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா, இல்லை, ரிப்போர்ட் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும் என்றா? தமிழக அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்து நர்ஸம்மாவுக்குத் தெரிந்த அவசரம் நகரத்து லேப் கவுன்ட்டருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

'ஜனங்கள்தானே கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்' என்பீர்கள். ஜனங்கள் கேட்டது அடைப்பு இருக்கிறதா என்று. நீங்கள் கொடுத்தது 72 வரி. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவுன்ட்டரில் நின்று விளக்குவது என்னைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது, எங்களுக்கு விளக்குகிற அதிகாரமும் கிடையாது, 'டாக்டரைப் பாருங்க' என்று மட்டும் சொல்லலாம்.

எனவே கேட்பது இதுதான். ரேஞ்ச் பத்தியில் எல்.டி.எல்.லுக்கு 55, 70, 100 என்று மூன்று வரி போடுங்கள், எது யாருக்கு என்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள், கூடவே 'மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்று ஒரு வாக்கியம். லேப் சாஃப்ட்வேர்காரருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலை, இந்த வாரமே செய்யலாம். படிவத்தில் காய்ச்சல் பற்றிய கேள்வியைச் சேருங்கள். நெஞ்சுவலியோடு வருகிறவரிடம் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பேப்பரில் எழுதி பில் கவுன்ட்டரில் ஒட்டுங்கள். அடுத்த பேனர் அச்சுக்குப் போவதற்கு முன்னால், அதில் இருக்கிற வாசகத்தை உங்கள் லேபில் ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற டாக்டரிடம் காட்டி, அதற்கும் ஒரு கையெழுத்துக் கேளுங்கள். அவர் போட மாட்டேன் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்